பிறந்த குழந்தையின் எடை ஏன் குறைகிறது? – முதல் பதினான்கு நாள் கணக்கு

பிள்ளைத்தமிழ் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பாடும் சிற்றிலக்கியம் என்பதை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். அவற்றுள் முதலாவதான காப்புப் பருவத்தைக் குழந்தையின் மூன்றாம் மாதத்தை ஒட்டி அமைத்துப் பார்ப்பது மரபு. இக்கட்டுரை அதற்கும் முந்திய நாள்களைப் பற்றியது. குறிப்பாக, குழந்தை பிறந்த நாள் தொடங்கிப் பதினான்காம் நாள் வரையிலான இரண்டு வாரங்களைப் பற்றியது. இந்த நாள்களில் வீட்டில் எல்லாரையும் கலங்க வைக்கும் ஒரு நிகழ்வு உண்டு. பிறந்தபோது மூன்று கிலோ இருந்த குழந்தை மூன்றாம் நாள் இரண்டே முக்கால் கிலோவாக நிற்கும்.

நெகிரி செம்பிலானில் சிலியாவ் வட்டாரத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள் நான். பல்கலைக்கழகத்தில் உயிரியல் மருத்துவம் பயின்றபோதுதான் இந்த எடைக் குறைவின் காரணத்தைப் பாடமாகப் படித்தேன். ஆனால், அது குறித்த கவலையை லயத்து வீடுகளில் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறேன். “புள்ள எளச்சிப் போச்சே”, “ஆத்தாளுக்குப் பால் பத்தல”, “கண்ணு பட்டுருச்சு” என்று மூன்று தீர்ப்புகள் அடுத்தடுத்து வரும். பின்னாலேயே சர்க்கரைத் தண்ணீரோ டின் பாலோ வந்துவிடும்.

இதற்கு நேர்மாறான இன்னொரு போக்கும் உண்டு. படித்த பிள்ளைகளாகிய நாம், “பிறந்த குழந்தைக்கு எடை குறைவது இயல்பு, கவலை வேண்டாம்” என்று இணையத்தில் ஒரு வரி படித்துவிட்டு, பெரியவர்களின் வாயை அடைத்துவிடுகிறோம். முதற்போக்கு தேவையற்ற அச்சம். இரண்டாவது ஆபத்தான துணிச்சல். எடை குறைந்ததா என்பது சரியான கேள்வி அன்று. ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளுக்கும் குறையத்தான் செய்யும். எத்தனை விழுக்காடு குறைந்தது, எந்த நாளில் குறைந்தது, எப்போது திரும்பி ஏறத் தொடங்கியது என்பவையே சரியான கேள்விகள். இவற்றுக்கு விடை காண ஆறாம் வகுப்புக் கணக்கு போதும்.

எடை எங்கே போகிறது?

ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பால்மரம் வெட்டியவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வந்ததும் பாலை நிறுப்பார்கள். ஆனால் அந்த நிறையை மட்டும் வைத்துக் கூலி போடமாட்டார்கள். மெட்ரோலாக் என்னும் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, அதில் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். வாளியில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மற்றதில் பெரும்பகுதி நீர். எனவே வாளியின் நிறை வேறு, சரக்கின் நிறை வேறு.

பிறந்த குழந்தையின் எடையும் அப்படிப்பட்டதே. நிறைமாதக் குழந்தையின் உடலில் சுமார் 75 விழுக்காடு நீர். பெரியவர்களின் உடலில் அது ஏறத்தாழ 60 விழுக்காடு. கருப்பையில் நீரில் மிதந்து வாழ்ந்த உயிர், வெளியுலகிற்கு வந்ததும், உயிரணுக்களுக்கு வெளியே தேங்கியிருக்கும் மிகுதியான நீரை முதல் சில நாள்களில் சிறுநீராக வெளியேற்றுகிறது. மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் கொஞ்சம் போகிறது. குடலில் சேர்ந்திருந்த கறுத்துப் பிசுபிசுத்த முதல் மலமும் வெளியேறுகிறது. இவற்றால்தான் தராசு முள் இறங்குகிறது. இந்த அளவில் குழந்தையின் சதை கரைவதில்லை.

அதே நேரத்தில் உள்ளே செல்வது குறைவு. முதல் நாள் தாயிடம் சுரப்பது சீம்பால். ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவுகூட இருக்காது. ஆனால் அது மஞ்சள் நிறத்தில் கெட்டியாக, நோய் எதிர்ப்புப் பொருள்கள் செறிந்ததாக இருக்கும். நஞ்சுக்கொடி வெளியேறிய பிறகு தாயின் உடலில் புரோஜெஸ்டரோன் என்னும் இயக்குநீர் சரிகிறது. அதன் பிறகே பால் பெருகத் தொடங்குகிறது. பெரும்பாலான தாய்மார்களுக்கு இது இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் நிகழும். வரவு குறைவாகவும் செலவு கூடுதலாகவும் உள்ள இந்த இரண்டு மூன்று நாள்களில்தான் எடை இறங்கித் தன் அடிமட்டத்தைத் தொடுகிறது. பால் பெருகியதும் ஏறத் தொடங்குகிறது.

இங்கே ஒரு முரணைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தோட்டத்தில் மாடு கன்று போட்டால் சீம்பாலுக்கு அடிதடி நடக்கும். வெல்லம் போட்டு அவித்து, லயத்தில் நாலு வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். ஆனால் அதே வீட்டில் மகள் பிள்ளை பெற்றால், “மஞ்சப் பால் புள்ளைக்கு ஆகாது” என்று பீய்ச்சிக் கொட்டிவிடும் வழக்கமும் பல குடும்பங்களில் இருந்தது. கன்றுக்கும் நமக்கும் உயர்வான சீம்பால், நம் குழந்தைக்கு மட்டும் எப்படி ஆகாததாகும்?

எவ்வளவு குறையலாம்?

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் நிறைமாதக் குழந்தைகள் பொதுவாகப் பிறந்த எடையில் 5 முதல் 7 விழுக்காடு வரை இழக்கின்றன. பத்து விழுக்காட்டைத் தாண்டினால் மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும் என்பது பல நாடுகளிலும் பின்பற்றப்படும் எல்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டியும் இந்தப் பத்து விழுக்காட்டையே குறிப்பிடுகிறது. நம் நாட்டில் 2014இல் வெளிவந்த, பிறந்த குழந்தைகளின் மஞ்சள் காமாலைக்கான மருத்துவ வழிகாட்டி இன்னும் முன்னெச்சரிக்கையானது. எடை இழப்பு 7 விழுக்காட்டைத் தாண்டினாலே குழந்தையை மேற்பரிசோதனைக்கு அனுப்பி, காமாலைக்காகக் கூர்ந்து கவனிக்கவேண்டும் என்கிறது.

இந்த எல்லைகளை நாளோடும் பிரசவ முறையோடும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பதை 2015இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்று தெளிவாக்கியது. வட கலிபோர்னியாவில் பிறந்து, தாய்ப்பால் மட்டும் குடித்த 1,08,907 குழந்தைகளின் எடைகளை ஃபிளாஹர்மன் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் மணிக்கணக்கில் தொகுத்து ஆராய்ந்தார்கள். இயல்பான பிரசவத்தில் பிறந்தவர்களின் நடுத்தர இழப்பு 24 மணி நேரத்தில் 4.2 விழுக்காடு, 48 மணி நேரத்தில் 7.1 விழுக்காடு. அறுவைப் பிரசவத்தில் பிறந்தவர்களுக்கு அது முறையே 4.9, 8.0 விழுக்காடு. 72 மணி நேரத்தில் அறுவைப் பிரசவக் குழந்தைகளுள் நான்கில் ஒரு பங்கினர்க்கும் மேல் பத்து விழுக்காட்டை எட்டியிருந்தார்கள்.

இதிலிருந்து நாம் கற்கவேண்டியவை இரண்டு. முதலாவது, அறுவைப் பிரசவக் குழந்தைக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைவது வியப்பன்று; எனினும் எல்லையைத் தாண்டினால் பரிசோதனை தேவைதான். இரண்டாவது, ஒரே எண் வெவ்வேறு நாளில் வெவ்வேறு பொருள் தரும். மூன்றாம் நாளில் 7 விழுக்காடு என்றால் பெரும்பாலும் வழக்கமான பாதை. முதல் நாள் முடிவதற்குள்ளேயே 7 விழுக்காடு என்றால் குழந்தை வேகமாக இறங்குகிறது என்று பொருள்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பிரசவ வேளையில் தாய்க்கு நரம்பு வழியாக நிறைய நீர் ஏற்றப்பட்டிருந்தால், அந்த நீரில் ஒரு பகுதி குழந்தையின் பிறப்பு எடையையும் கூட்டிக் காட்டக்கூடும். மெட்ரோலாக் வைக்காமல் நிறுத்த வாளி போலத்தான். கனடாவில் 2011இல் வெளியான ஓர் ஆய்வு, இதனால் 24ஆம் மணி நேர எடையையே அடிப்படையாகக் கொள்ளலாமே என்று கேட்டது. நம் மருத்துவமனைகள் பிறப்பு எடையையே அடிப்படையாகக் கொள்கின்றன. எனவே வீட்டில் நாமும் அதையே கொள்வோம். ஆனால் தாய்க்கு நீர் ஏற்றப்பட்டதா என்பதைத் தாதியரிடம் சொல்வது பயனுள்ளது.

கணக்கிடும் முறை

சூத்திரம் எளிது. பிறந்த எடையிலிருந்து இன்றைய எடையைக் கழிக்கவும். வந்த விடையைப் பிறந்த எடையால் வகுத்து, நூறால் பெருக்கவும்.

எடுத்துக்காட்டு: பிறந்த எடை 3,000 கிராம், மூன்றாம் நாள் எடை 2,790 கிராம். குறைந்தது 210 கிராம். 210 ÷ 3,000 × 100 = 7 விழுக்காடு.

கணக்குப் போட நேரமில்லாதவர்கள், பிறந்த அன்றே இரண்டு எல்லைகளைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்:

பிறந்த எடை 2,500 கிராம் என்றால், 7 விழுக்காடு = 175 கிராம் (எடை 2,325); 10 விழுக்காடு = 250 கிராம் (எடை 2,250).

பிறந்த எடை 2,800 கிராம் என்றால், 7 விழுக்காடு = 196 கிராம் (எடை 2,604); 10 விழுக்காடு = 280 கிராம் (எடை 2,520).

பிறந்த எடை 3,200 கிராம் என்றால், 7 விழுக்காடு = 224 கிராம் (எடை 2,976); 10 விழுக்காடு = 320 கிராம் (எடை 2,880).

பட்டியலைக் கூர்ந்து பாருங்கள். 250 கிராம் இழப்பு 3,200 கிராம் குழந்தைக்கு 8 விழுக்காடு கூட இல்லை. அதே 250 கிராம் 2,500 கிராம் குழந்தைக்குப் பத்து விழுக்காடு. “பக்கத்து வீட்டுப் புள்ளைக்கும் கால் கிலோ கொறஞ்சுச்சு, ஒண்ணும் ஆகல” என்ற ஆறுதல் இங்கேதான் ஏமாற்றுகிறது. சிறிய குழந்தைக்குக் கிராம் ஒவ்வொன்றும் கனமானது. அதனால்தான் கிராமில் பேசாமல் விழுக்காட்டில் பேசவேண்டும் என்கிறோம்.

எடை பார்க்கும் விதத்திலும் கவனம் வேண்டும். குழந்தையைத் துணியின்றி நிறுக்கவேண்டும். நனைந்த துணி நாப்பின் 50 கிராம் இருந்தாலும், 2,800 கிராம் குழந்தைக்கு அது ஏறத்தாழ 2 விழுக்காட்டுப் பிழை. வெள்ளிக் கொலுசு, காப்பு, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். கழற்றமுடியாதது எதுவும் இருந்தால், ஒவ்வொரு முறையும் அதுவே இருக்கட்டும். முடிந்தவரை ஒரே தராசில் நிறுக்கவேண்டும். தராசு சுழியில் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். பெரியவர்கள் ஏறி நின்று பார்க்கும் எடைக் கருவியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்று கழித்துப் பார்ப்பது இதற்கு உதவாது. அது நூறு கிராம் கணக்கில் தாவும். நாம் தேடுவதோ இருபது முப்பது கிராம் மாற்றத்தை.

தராசு இல்லாத நேரத்தில்

எடை பார்ப்பது ஒரு நாளில் ஒரு முறைதான். மற்ற நேரமெல்லாம் நமக்குத் துணை துணிதான். குழந்தைக்குப் போதிய பால் சேர்கிறதா என்பதைச் சிறுநீரும் மலமும் சொல்லிவிடும். முதல் நாள் ஒரு முறை, இரண்டாம் நாள் இரு முறை, மூன்றாம் நாள் மும்முறை என்ற அளவிலாவது சிறுநீர் போகவேண்டும். ஐந்தாம் ஆறாம் நாள் முதல் ஒரு நாளைக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ நனையவேண்டும். முதலிரு நாள்களில் துணியில் செங்கல் பொடி போன்ற கறை தெரிந்தால் அஞ்சவேண்டாம். நான்காம் நாளுக்குப் பிறகும் அது தெரிந்தால், பால் போதவில்லை என்பதன் அறிகுறி. மலம் கறுப்பிலிருந்து பச்சைக்கும், நான்காம் ஐந்தாம் நாளில் மஞ்சளுக்கும் மாறவேண்டும். ஐந்தாம் நாளிலும் கறுப்பாகவே போனால் உடனே தாதியிடம் சொல்லவேண்டும்.

குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிக்கவேண்டும். “நல்ல புள்ள, அழுவாம தூங்குது” என்று பாராட்டப்படும் குழந்தையைத்தான் இந்த நாள்களில் கூடுதலாகக் கவனிக்கவேண்டும். நீர் வற்றிய குழந்தைக்கு அழத் தெம்பிருக்காது. பால் குடிக்க எழுப்பினாலும் எழாமை, வாய் வறட்சி, உச்சிக்குழி உள்வாங்குதல், காய்ச்சல், மஞ்சள் நிறம் வயிற்றைத் தாண்டிக் கால்வரை இறங்குதல் ஆகிய எதுவும் இருந்தால் நாளை வரை காத்திருக்கக்கூடாது. நேரே மருத்துவமனைக்குத்தான் போகவேண்டும்.

எடை அளவுக்கு மீறிக் குறையும்போது இரண்டு ஆபத்துகள் நிகழலாம். ஒன்று, உடலில் நீர் குறைந்து இரத்தத்தில் உப்பின் செறிவு கூடுவது. அது மிகும்போது வலிப்பும் மூளைப் பாதிப்பும் ஏற்படலாம். மற்றொன்று, மஞ்சள் காமாலை கடுமையாவது. பால் குறைவாகக் குடிக்கும் குழந்தைக்கு மலம் குறைவாகப் போகும். மலத்தோடு வெளியேறவேண்டிய பிலிருபின் மீண்டும் இரத்தத்திற்கே திரும்பும். அது மிக அதிகமானால் மூளையில் படிந்து, காது கேளாமையும் வாழ்நாள் முடமும் தரக்கூடும். இவை அரிதானவை. ஆனால் இரண்டையும் முன்கூட்டியே தடுத்துவிடலாம். அதற்கான நாள்கள் மூன்று, நான்கு, ஐந்து. காமாலைக் குழந்தையைக் காலை வெயிலில் காட்டுவது நம்மிடையே பரவலான வழக்கம். வெயில் சிகிச்சையாகாது, குழந்தையின் உடல்நீரை மேலும் வற்றச் செய்யும்.

டின் பாலின் கதை

எடை குறைந்ததும் டின்னைத் திறக்கும் பழக்கம் நம் தோட்டங்களில் மட்டும் தோன்றியதன்று. அதற்கு இந்த மண்ணில் நீண்ட வரலாறு உண்டு. ஜமைக்காவில் பிறந்த ஆங்கில மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1936இல் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். இனிப்பூட்டிய டின் பால் கைக்குழந்தைகளுக்கு உகந்தது என்று தாய்மார்களிடம் விற்கப்படுவதை அவர் இங்கே நேரில் கண்டார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்னும் பொருள்தரும் தலைப்பில் அவர் ஆற்றிய உரை இன்றும் பேசப்படுகிறது. தவறான பாலூட்டலால் நிகழும் குழந்தை மரணங்களைக் கொலை என்றே கருதவேண்டும் என்பது அவர் வாதம். அந்த டின்னில் இருப்பதில் பாதியை நெருங்குவது சர்க்கரை. தண்ணீர் விட்டுக் கரைத்தால் வயிறு நிறையும். உடல் வளர வேண்டிய சத்து கிடைக்காது.

தோட்டத்துப் பெண்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. விடியற்காலையில் பெரட்டுக்குப் போகவேண்டிய தாய், குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மரம் வெட்டப் போனாள். மார்பில் பால் கட்டி வலிக்க, வெட்டு முடியும்வரை காட்டில் நின்றாள். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் தந்த பேறுகால விடுப்பு 60 நாள். அது 98 நாளாக உயர்ந்தது 2023 ஜனவரி முதல் நாள்தான். அத்தகைய வாழ்க்கையில் டின் பால் அவளுக்கு வேறு வழியில்லாத வழியாக இருந்தது.

சர்க்கரைத் தண்ணீரின் கேடு வேறு வகையானது. குழந்தை எவ்வளவு உறிஞ்சுகிறதோ அவ்வளவே தாய்க்குப் பால் சுரக்கும். சர்க்கரைத் தண்ணீரால் வயிறு நிறைந்த குழந்தை மார்பில் உறிஞ்சாது. உறிஞ்சாததால் சுரப்பு குறையும். சுரப்பு குறைந்ததால் “பால் பத்தல” என்ற சொல் மெய்யாகிவிடும். சேனை தொட்டு வைக்கும் சடங்கில் தேன் வைப்பதையும் தவிர்க்கவேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்னும் கடும் நோய் வரக்கூடும். பத்தியம் என்று சொல்லித் தாய்க்குத் தண்ணீரைக் கட்டுப்படுத்துவதும் வேண்டாம். பூண்டும் சுறாப்புட்டும் தாராளமாகக் கொடுக்கட்டும். தாகத்துக்குத் தண்ணீரும் கொடுக்கட்டும்.

ஒரு குறிப்பேட்டின் எண்கள்

என் அக்காவின் முதல் குழந்தைக்கு நான் எழுதி வைத்த எண்களை இங்கே பாடமாகத் தருகிறேன். அவருக்கு அரசு மருத்துவமனையில் இயல்பான பிரசவம். மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வழக்கப்படி, கணவர் வீடிருக்கும் தாமானுக்குப் போகாமல் தோட்டத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்தார். ஆனால் கிளினிக்கில் பதிவாகியிருந்தது தாமான் முகவரி. இரண்டாம் நாள் மிஸ்ஸி அங்கே போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். இங்கே குழந்தை இரவெல்லாம் அழுதது. அத்தை இருமுறை சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். மூன்றாம் நாள் காலையில் மாமா தோட்டத்துக்கு அருகிலுள்ள கிளினிக்குக்குத் தொலைபேசியில் சொன்னார். மதியம் ஒரு மலாய் மிஸ்ஸி தராசோடு வந்துவிட்டார்.

பிறந்த எடை 2,840. மூன்றாம் நாள் 2,560. இழப்பு 280 கிராம், அதாவது 9.9 விழுக்காடு. மிஸ்ஸி பதறவுமில்லை, பரவாயில்லை என்று சொல்லவுமில்லை. முக்கால் மணி நேரம் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தை பால் குடிப்பதைப் பார்த்தார். குழந்தை காம்பின் நுனியை மட்டும் கவ்வியிருந்தது. காம்பைச் சுற்றியுள்ள கரிய பகுதியும் வாய்க்குள் போகும்படி, குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி நிலையை மாற்றினார். இரண்டு மணிக்கு ஒரு முறை எழுப்பிக் கொடுக்கச் சொன்னார். குடித்த பிறகு கையால் பீய்ச்சி, கரண்டியால் ஊட்டச் சொன்னார். சர்க்கரைத் தண்ணீரை நிறுத்தச் சொன்னார். அன்றே மருத்துவரிடம் அனுப்பிக் காமாலைக்கு இரத்தப் பரிசோதனை செய்ய வைத்தார். மறுநாள் மீண்டும் வந்தார்.

நான்காம் நாள் 2,580. ஆறாம் நாள் 2,660. பத்தாம் நாள் 2,820. பதின்மூன்றாம் நாள் 2,900. இந்த வரிசையில் மிக முக்கியமான எண் எது என்று கேட்டால், 2,580 என்பேன். கூடியது 20 கிராம்தான். ஆனால் முள் திரும்பிவிட்டது. பால் பெருகிய பிறகு குழந்தை ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் வரையோ அதற்குச் சற்று மேலோ கூடுவது வழக்கம். பிறந்த எடையை 10 முதல் 14 நாளுக்குள் மீட்பது பொதுவான எதிர்பார்ப்பு. சில குழந்தைகள், குறிப்பாக அறுவைப் பிரசவத்தில் பிறந்தவை, இன்னும் சில நாள் எடுத்துக்கொள்வதுண்டு. அப்படித் தாமதமாகும் குழந்தை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருக்கிறதா என்பதைத் தாதி பார்க்கவேண்டும்.

எல்லாக் குழந்தைக்கும் இந்த வழியே போதும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. சில தாய்மார்களுக்கு, குறிப்பாக நீரிழிவு உள்ளவர்கள், மிகுந்த இரத்தப்போக்குக்கு ஆளானவர்கள், அறுவைப் பிரசவம் ஆனவர்களுக்குப் பால் பெருகத் தாமதமாகலாம். நீரிழிவு நம் சமூகத்தில் மிகுதி என்பதால் இது நமக்கு வேண்டிய செய்தி. அத்தகைய நேரத்தில் மருத்துவர் மாவுப்பால் கொடுக்கச் சொன்னால் கொடுக்கத்தான் வேண்டும். அது தாயின் தோல்வியன்று. நாம் தவிர்க்கச் சொல்வது, எடையும் பார்க்காமல், யாரையும் கேட்காமல் திறக்கும் டின்னை.

நாம் செய்யக்கூடியது

மலாயா விடுதலை பெற்ற 1957இல், பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் எழுபத்தைந்து பேர் அளவில் முதல் பிறந்தநாளுக்கு முன்பே மாண்டார்கள். 2000க்குப் பிறகு அந்த எண் பத்துக்கும் கீழே. இந்த மாற்றத்திற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று, செம்மண் சாலையில் தராசைச் சுமந்துகொண்டு வீடு தேடி வந்த தாதியர். பிரசவமான வீட்டுக்கு முதல் பத்து நாளில் பல முறையும், இருபதாம் நாள் வாக்கில் மீண்டும் அவர்கள் வருவது இந்நாட்டின் பொதுச் சுகாதாரச் சேவை தரும் பெரும் கொடை. ஆனால் அவர்கள் வருவதற்குச் சரியான முகவரி வேண்டும்.

இன்று சிரம்பான், நீலாய், போர்ட்டிக்சன் வட்டாரங்களில் தோட்டங்கள் பல துண்டாகிவிட்டன. லயத்தில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால் கிராணி முதல் ஆயா வரை எல்லாருக்கும் தெரிந்த காலம் போய்விட்டது. பெண்கள் தாமானில் வாழ்கிறார்கள். நகரத்து மருத்துவமனையில் பிரசவிக்கிறார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறார்கள். இந்த மூன்று இடங்களுக்கும் நடுவில்தான் மூன்றாம் நாள் நழுவிவிடுகிறது. எனவே, நண்பர்களே, உங்கள் வீட்டில் அக்காவோ அண்ணியோ பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருந்தால், கீழ்க்கண்ட ஐந்தையும் நீங்கள் பொறுப்பேற்றுச் செய்யலாம்.

1. மருத்துவமனையிலிருந்து புறப்படும் முன்னரே, தாய் எந்த வீட்டில் இருக்கப் போகிறார் என்பதை அந்த வீட்டுக்கு அருகிலுள்ள கிளினிக்கில் பதியச் செய்யுங்கள்.

2. குழந்தையின் சுகாதாரப் பதிவேட்டில் பிறந்த எடை எழுதப்பட்டுள்ளதா என்று பாருங்கள். பக்கத்தில் 7, 10 விழுக்காட்டு எல்லைகளைப் பென்சிலால் குறியுங்கள்.

3. மிஸ்ஸி எடை பார்க்கும் ஒவ்வொரு நாளும் எண்ணைக் கேட்டு எழுதி, விழுக்காட்டைக் கணக்கிடுங்கள். மூன்றாம் நாள்வரை யாரும் வரவில்லையென்றால், குழந்தையைக் கிளினிக்குக்குக் கொண்டு செல்லுங்கள்.

4. சிறுநீர், மலம், பால் குடித்த நேரம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் கோடு போட்டுக் குறியுங்கள். தூக்கமில்லாத தாயால் இதை நினைவில் வைத்திருக்க முடியாது.

5. பாட்டியிடம் வாதாடாதீர்கள். எண்களைக் காட்டிப் பேசுங்கள். வாளி நிறையும் மெட்ரோலாக் கணக்கும் அறிந்தவர்கள் அவர்கள். நீர் வற்றியது வேறு, சதை வற்றியது வேறு என்று சொன்னால் நம்மைவிட விரைவாகப் புரிந்துகொள்வார்கள்.

இதற்கெல்லாம் மருத்துவப் பட்டம் தேவையில்லை. ஒரு பென்சில், ஒரு தாள், பதினான்கு நாள் பொறுமை ஆகியவை இருந்தால் போதும்.